மாடு கட்டிய வீட்டில் ஒரு வாரம்



பிரான்ஸ் நாட்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், அதன் மேற்குப் பக்கம் அத்திலாந்திக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அந்த மூக்குத்தான் பிரெத்தாஞ். ஆங்கிலத்தில் பிரிட்டனி என்பார்கள். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியத் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களால் ஏற்பட்ட பெயர் அது. அவர்களுடைய சொந்த மொழியும் பிரெஞ்சு அல்ல, பிரெத்தோன் என்ற வேறொரு மொழி. ஊர்ப் பெயர்ப் பலகைகளில் இன்றும் அந்த மொழி இருக்கிறது. 'கேர்' என்று தொடங்கினால் குடியிருப்பு, 'புளூ' என்று தொடங்கினால் கோயிற்பற்று, 'தீ' என்றால் வீடு.

அந்தப் பகுதியின் நாட்டுப்புறத்தில், திருத்தியெடுத்த பழைய கல்வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்துத் தங்குவதைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். உல்லாசப் பயணக் கதை எங்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். கூரை இல்லாமல் பதினொரு வருடம் கிடந்து, உள்ளே மரம் முளைத்துப்போன ஒரு வீட்டின் கதை இது. அதை ஒரு பெண் எப்படி எழுப்பினார், எழுப்பிய பிறகு அது யாருடைய வீடாக இருந்தது என்பதில் உங்களில் பலருக்குச் சொந்த அனுபவம் இருக்கும் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

இப்படி வாடகைக்கு விடும் நாட்டுப்புற வீட்டைப் பிரெஞ்சுக்காரர் 'ஜீத்' என்கிறார்கள். ஹோட்டல் அல்ல. யாரும் சமைத்துத் தரமாட்டார்கள், படுக்கை விரித்துத் தரமாட்டார்கள். வீட்டுத் திறப்பை உங்கள் கையில் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த ஒரு வாரம் அது உங்கள் வீடு. இந்த ஏற்பாடு தொடங்கியது பிரெத்தாஞ்சில் அல்ல. 1951ஆம் ஆண்டு, தெற்கே அல்ப்ஸ் மலைப்பக்கத்தில், சனங்கள் வெளியேறி வெறிச்சோடிக்கொண்டிருந்த ஒரு சிறு குடியிருப்பில் முதலாவது ஜீத் திறக்கப்பட்டது. எமில் ஒபேர் என்ற செனற்சபை உறுப்பினர் அதற்கு முன்னின்றார். 1955இல் இது நாடு தழுவிய சம்மேளனம் ஆயிற்று. இடிந்துபோகும் பழைய வீடுகளைக் காப்பாற்றுவது, கமக்காரருக்கு மேலதிக வருமானம் தேடிக்கொடுப்பது, ஹோட்டலுக்குப் போக வசதியில்லாத நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மலிவான விடுமுறை கொடுப்பது என்ற மூன்று நோக்கமும் அதில் ஒன்றாக இருந்தன. பிரான்சில் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை கிடைத்தது 1936இல். 1956இல் அது மூன்று வாரமாயிற்று. விடுமுறை கிடைத்துவிட்டது, போவதற்குத்தான் இடமில்லை. இந்த வீடுகள் அந்த இடைவெளியை நிரப்பின. வீட்டின் தரத்தைக் காட்ட நட்சத்திரம் போடுவதற்குப் பதிலாகக் கோதுமைக் கதிர்களைப் போட்டார்கள். ஒன்று முதல் ஐந்து கதிர் வரை.

பாரிஸ் புறநகரில் இருக்கும் என் அக்கா குடும்பத்துடன் 2024 செப்டெம்பரில் நான் போய்த் தங்கியது மூன்று கதிர் வீடு. பாரிசிலிருந்து காரில் ஏறத்தாழ 450 கிலோமீற்றர். கடற்கரைப் பக்கம் அல்ல, பிரெத்தாஞ்சின் நடுப்பகுதி. கேர்லெதான் என்ற பெரிய நீர்த்தேக்கத்திலிருந்து சிறிது தூரம். பிரெத்தாஞ்சுக்குள் நுழைந்த பிறகு நெடுஞ்சாலைக்குக் கட்டணம் இல்லை என்பதை அத்தான் இரண்டு மூன்று தடவை சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டைச் சொல்கிறேன். நீளமான, பதிவான வீடு. சுவர் முழுவதும் கருங்கல், கூரை கறுப்புச் சிலேட்டுக் கல். சுவரின் தடிப்பு என் கையின் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையான அளவைவிடக் கூட. தெற்குப் பக்கம்தான் கதவும் யன்னலும். வடக்குச் சுவரில் ஓட்டையே கிடையாது. குளிர்காற்று அந்தப் பக்கத்திலிருந்து வருவதால் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். முன்பு இந்த வகை வீட்டில் ஒரு பாதியில் சனம், மறுபாதியில் மாடு. நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டும். மாட்டின் உடற்சூடு மனிதருக்கும் உதவியது. நிலம் மண்தரை. ஒரு தலைப்பில் பெரிய அடுப்பு. அப்பா, அம்மா, பிள்ளைகள், கிழவன், கிழவி எல்லோரும் அந்த ஒரே அறையில்தான். மறைவு வேண்டுமென்றால் அலுமாரிபோல் செய்த மரக்கட்டிலுக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திக்கொள்ளவேண்டும். 'லீ குலோ', அதாவது பூட்டிய கட்டில் என்று அதற்குப் பெயர். செதுக்கு வேலை செய்த அந்தக் கட்டில்கள் பல பின்னாளில் பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போய், பட்டணத்து வீடுகளில் புத்தக அலுமாரியாகவும் தொலைக்காட்சிப் பெட்டி வைக்கும் தட்டாகவும் மாறிவிட்டன.

நாங்கள் படுத்த அறை மாடு கட்டிய பாதி. சுவரில் கயிறு மாட்டும் இரும்பு வளையம் ஒன்றை எடுக்காமல் விட்டிருந்தார்கள். அக்காவின் மகன் அதில் துவாய் காயப்போட்டான்.

இந்த வீடுகள் ஏன் வெறுமையாயின? ஒரே காரணம் சொல்லமுடியாது. முதலில் போர். பிரெத்தாஞ்சில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் கோயிலுக்குப் பக்கத்தில் 1914–1918 என்று வெட்டிய கல் ஒன்று நிற்கும். அதில் ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை, நான்கு தடவை வரும். 1914 ஓகஸ்ட்டில் அறுவடை நேரத்தில் ஆண்கள் போருக்கு அழைக்கப்பட்டபோது, பிரதமராயிருந்த விவியானி நாட்டுப்புறப் பெண்களுக்கு ஓர் அறைகூவல் விடுத்தார். வயலில் மிச்சம் கிடக்கும் வேலையை நீங்கள் முடியுங்கள் என்பதே அதன் சாரம். பெண்கள் முடித்தார்கள். ஏரும் பிடித்தார்கள். அவர்கள் வாக்குச் சீட்டைக் கையில் எடுக்க 1945 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எங்கள் நாட்டில் பெண்கள் 1931இலேயே வாக்களித்துவிட்டார்கள் என்று நான் சொன்னபோது வீட்டுக்கார அம்மா நம்பவில்லை. அக்காவின் மகள் தொலைபேசியில் தேடிக் காட்டவேண்டியதாயிற்று.

வடகரையில் திரெகியே என்ற ஊர் இருக்கிறது. அங்கே போர் நினைவுச்சின்னத்தில் துப்பாக்கி ஏந்திய வீரன் இல்லை. துக்கத்துக்கு அணியும் முக்காட்டு அங்கியோடு ஒரு பெண் இருக்கிறாள். பிரான்சிஸ் ரெனோ என்ற சிற்பி செய்தது. போகும் வழியில் இல்லையென்றாலும் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்த்தோம். அதிகம் சொல்ல வரவில்லை எனக்கு. அவளுடைய முகத்தை நான் வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் போரில் தென்கரையிலுள்ள லோறியோன் துறைமுகம் 1943 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் ஏறத்தாழ முழுமையாக அழிந்தது. ஜேர்மானியரின் நீர்மூழ்கிக் கப்பல் தளம் அங்கே இருந்ததால்தான் குண்டு போட்டார்கள். நகரம் போயிற்று, தளம் அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது. சனம் முழுவதும் நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்ந்தது. இப்படியான கல்வீடுகளிலும் கொட்டில்களிலும்தான் பலர் ஒதுங்கினார்கள். போர் முடிந்த பின் மரப்பலகைக் குடியிருப்புகள் போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட அந்தக் குடியிருப்புகளில் சில பல பத்தாண்டுகள் நீடித்தன. தற்காலிகம் என்ற சொல்லின் நீளம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

போருக்குப் பின் பிழைப்புத் தேடிய வெளியேற்றம். உண்மையில் அது முன்பே தொடங்கிவிட்டது. பெண்பிள்ளைகள் பாரிசுக்குப் போய் வீட்டு வேலைக்காரிகளாயினர். 1905இல் பிரெஞ்சுச் சிறுமியர் பத்திரிகை ஒன்றில் 'பெக்கசீன்' என்ற சித்திரக்கதைப் பாத்திரம் வந்தது. பிரெத்தாஞ் உடுப்புப் போட்ட, விபரம் தெரியாத வேலைக்காரப் பெண். பெரும்பாலும் வாயே இல்லாமல்தான் அவளை வரைந்தார்கள். இன்றுவரை அந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிக்கும் பிரெத்தோன் பெண்கள் இருக்கிறார்கள். மத்திய கிழக்குக்குப் போய் வந்த எங்கள் சகோதரிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஊரில் நின்றவர்களும் 1960களிலும் 70களிலும் பழைய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே வெள்ளைச் சாந்து பூசிய புது வீடு கட்டினார்கள். மண்தரையும் இருட்டும் வறுமையின் அடையாளமாகப் பட்டன. யார் குறை சொல்லமுடியும்? பழைய வீடு விறகு போடும் இடமாயிற்று.

எங்கள் வீட்டுக்கார அம்மாவின் வீடும் அப்படித்தான். அவருக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. மாமியார் அந்தக் கல்வீட்டில் பிறந்து வளர்ந்தவராம். பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் மொழி பேசியதற்காகக் கழுத்தில் மரக்கட்டை தொங்கவிடப்பட்டவர். அந்தக் காலத்துப் பள்ளிகளில் அது பரவலாக இருந்த தண்டனை. கட்டையைக் கழற்றவேண்டுமென்றால் தாய்மொழி பேசும் இன்னொரு பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவேண்டும். அப்படி வளர்ந்தவர் தன் பிள்ளைகளுடன் பிரெஞ்சு மட்டும் பேசினார். 1977இல் பிரெத்தோன் மொழியில் கற்பிக்கும் திவான் பள்ளிகள் தொடங்கியபோது அவருக்குக் கோபம்தான் வந்ததாம். எங்களை அடித்து மறக்கச் செய்ததை இப்போது காசு கொடுத்துப் படிக்கிறார்களோ என்று கேட்டாராம்.

1987 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு பிரெத்தாஞ்சைப் பெரும் புயல் ஒன்று அடித்தது. அந்தப் புயலில் பழைய வீட்டின் கூரை போயிற்று. அந்த ஒக்டோபரில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பது யாழ்ப்பாணத்துச் சகோதரிகளுக்கு ஞாபகம் இருக்கும். நான் அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் கூரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கூரை போன வீட்டுக்குள் முதலில் முட்செடி, பிறகு எல்டர் மரம், பிறகு சுவரைப் பிளக்கும் கொடி. 1996இல் கணவர் நோயில் இறந்தார். கறவை மாடுகளை விற்றுவிட்டு, அந்தக் காசை வைத்துப் பழைய வீட்டை எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று அந்த அம்மா நினைத்தார்.

இங்கேதான் சிக்கல். இருபத்தைந்து வருடம் அதிகாலையில் எழும்பிப் பால் கறந்தவர் அவர். ஆனால் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தில் 'இல்லை'. கமக்காரனின் மனைவி அவ்வளவுதான். பிரான்சில் ஒரு மனைவி கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் உரிமை கிடைத்தது 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். கமத்தில் கூட உழைக்கும் மனைவியைக் கூட்டு உழைப்பாளியாக ஏற்று, அவளுக்கென்று ஓய்வூதிய உரிமையோடு ஒரு நிலையைக் கொடுத்தது 1999ஆம் ஆண்டுச் சட்டம். இந்த அம்மாவின் மாடுகள் அதற்கு முன்பே விற்றாயிற்று.

வீடு யாருடையது? கணவரின் தாய்தகப்பன் வழி வந்த சொத்து. அக்காலப் பிரெஞ்சுச் சட்டப்படி, பிள்ளைகள் இருந்தால் அப்படியான சொத்து பிள்ளைகளுக்குப் போகும். வேறு எழுத்து எழுதி வைக்காவிட்டால் மனைவிக்கு அதில் நாலில் ஒரு பங்கை அனுபவிக்கும் உரிமை மட்டுமே. சொந்தமாக ஒரு கல்லும் இல்லை. இந்தச் சட்டம் 2001 டிசம்பரில்தான் மாறியது. இப்போது இருவருக்கும் பொதுவான பிள்ளைகள் மட்டும் இருந்தால், முழுச் சொத்தையும் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையையோ நாலில் ஒரு பங்கை முழுச் சொந்தமாகவோ மனைவி தெரிவு செய்துகொள்ளலாம். அவருக்கு அது ஐந்து வருடம் பிந்திவிட்டது. கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, மகனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மாட்டுக்கு எந்தப் பக்கம் பால் வரும் என்றும் தெரியாதவன் என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் செய்தது இதுதான். மகனையும் மகளையும் நொத்தாரிசிடம் அழைத்துப் போய், தான் உயிரோடிருக்கும் வரை அந்த வீட்டை அனுபவிக்கவும் வாடகைக்கு விடவும் தனக்கு உரிமை உண்டு என்று எழுதி வாங்கினார். பிள்ளைகள் மறுக்கவில்லை. இடிந்த வீடுதானே என்று அவர்களும் நினைத்திருக்கலாம். பெறுமதி இல்லாத காலத்தில் கையெழுத்து வாங்குவது சுலபம். அந்த எழுத்தை வைத்துத்தான் கடனும், பழைய வீடு திருத்துவோருக்குக் கொடுக்கும் உதவிப்பணமும் கிடைத்தன. உதவிப்பணம் பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டை விடுமுறைக்காரருக்கு விட்டே ஆகவேண்டும் என்பது நிபந்தனை.

திருத்திய விதத்தில் ஒரு விடயம் எங்களுக்கும் பயன்படும். இந்தச் சுவர்கள் கல்லையும் களிமண்ணையும் வைத்துக் கட்டியவை. ஆரம்பத்தில் வந்த மேசன் இடைவெளிகளைச் சீமெந்தால் அடைக்கலாம் என்றாராம். அந்த அம்மா மறுத்துவிட்டார். பக்கத்து ஊரில் சீமெந்து பூசிய பழைய வீடு ஒன்று நாலே வருடத்தில் உள்ளே ஈரமூறிப் பூஞ்சணம் பிடித்ததை அவர் பார்த்திருக்கிறார். மண்ணும் கல்லுமான சுவர் நிலத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வெளியே போக வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விடும், சீமெந்து உள்ளேயே பூட்டிவைக்கும். சுண்ணாம்பு இறுக நாட்கள் எடுக்கும், வேலை மெதுவாகத்தான் நடக்கும், கூலியும் கூட. ஆனால் சுவர் பிழைக்கும். எங்கள் ஊரில் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு மிச்சமிருப்பவர்கள் திருத்தும்போது இதை மேசனிடம் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம். கூரைக்குச் சிலேட்டுக் கல் ஸ்பெயினிலிருந்து வந்தது. பிரான்சில் இப்போது போடும் சிலேட்டில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பேர்போன திரெலாசே சுரங்கமும் 2013இல் மூடிவிட்டது.

வாடகை விடயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகள், சகோதரர்கள் இப்படி வீடு எடுப்பவர்களாக இருக்கலாம் என்பதால் விபரமாகச் சொல்கிறேன். கோடையில் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வந்து அடுத்த சனி காலை பத்து மணிக்குப் போவதுதான் வழக்கம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் விலை உச்சம். செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியதும் இறங்கிவிடும். எங்களுக்கு ஏழு இரவுக்கு 520 யூரோ. நாங்கள் பெரியவர் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். ஹோட்டலென்றால் மூன்று இரவுக்குக்கூட அது போதாது. பிள்ளைகளின் பள்ளியில் விடுமுறை கேட்டு வாங்கியது அக்காவின் பாடு. பதிவு செய்யும்போது நாலில் ஒரு பங்கு, 130 யூரோ. மிச்சம் ஒரு மாதம் முன்பு. இதைத் தவிர உள்ளூராட்சிக்குப் போகும் தங்கல் வரி, பெரியவர்களுக்கு மட்டும் ஆளுக்கு ஓர் இரவுக்கு 90 சதம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. சேதத்துக்கு 300 யூரோ காசோலை எழுதிக் கொடுக்கவேண்டும். ஏதும் உடையாவிட்டால் திருப்பித் தருவார்கள். படுக்கை விரிப்பும் துவாயும் நாங்களே கொண்டுபோனோம்.

ஒப்பந்தத்தில் கவனிக்கவேண்டிய ஒரு சொல் உண்டு. முற்பணத்துக்குப் பிரெஞ்சில் இரண்டு பெயர். ஒன்று 'ஆர்', மற்றது 'அக்கோம்த்'. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். 'ஆர்' என்று எழுதியிருந்தால் வாடகைக்கு எடுப்பவர் மனம் மாறினால் அந்தப் பணம் மட்டும் போகும். வீட்டுக்காரர் மனம் மாறினால் இரட்டிப்பாகத் திருப்பித் தரவேண்டும். 'அக்கோம்த்' என்று எழுதியிருந்தால் இரு பக்கமும் கட்டுப்பட்டாயிற்று. நீங்கள் வராவிட்டாலும் முழு வாடகையையும் கேட்க அவர்களுக்கு வழி உண்டு. அக்கா கையெழுத்து வைக்கும் முன் பார்த்தது இந்தச் சொல்லைத்தான். போன அன்றே வீட்டுக்கார அம்மா பட்டியலுடன் வந்து கரண்டி, கோப்பை, போர்வை எல்லாம் எண்ணிக் காட்டினார். மின்மானியைப் படித்து எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. முகதாட்சண்ணியத்தால் எண்ணாமல் விட்டுப் பிறகு மனஸ்தாபப்படுவதைவிட இது நல்லது.

சனிக்கிழமை பத்து மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் உள்ள ஆறு மணித்தியாலத்தைப் பற்றி விளம்பரங்களில் எழுதுவதில்லை. அந்த நேரத்துக்குள் பழைய ஆட்கள் போன வீட்டைக் கழுவி, அடுப்புச் சாம்பல் அள்ளி, குளியலறை துடைத்து, விறகு நிரப்பி, புதிய ஆட்கள் வரும்போது மேசையில் பூவும் ஒரு போத்தல் ஆப்பிள் மதுவும் வைத்திருக்கவேண்டும். எல்லாம் ஒரே ஆள். எத்தனையோ வருடமாகச் செய்த அதே வீட்டுவேலைதான் என்றார். வித்தியாசம் ஒன்றுதான், இதற்குக் காசு வருகிறது, அந்தக் காசு அவருடைய கணக்குக்குப் போகிறது. வருடத்தில் பதினெட்டு வாரமளவில் ஆள் வருமாம். அதில் கூரைக் கடன் தீர்ந்தது. பிறகு 2023 நவம்பர் தொடக்கத்தில் கியாறன் என்ற புயல் வந்து சிலேட்டில் கால்வாசியைத் தூக்கிப்போனது, மறுபடியும் கடன். அந்தப் புயலில் மேற்கு முனையில் காற்று மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேல் வீசியது.

மாமியார் கடைசிக் காலத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். நான் வெளியேறத் தவித்த மாட்டுக்கொட்டிலில் படுக்கப் பாரிஸ்காரன் காசு தருகிறானா என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாராம்.

ஒரு வாரம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மழை பெய்தது. பெய்யாதபோது கால்வாய்க் கரையில் நடந்தோம். நாந்தில் தொடங்கிப் பிரெஸ்ற் வரை போகும் இந்தக் கால்வாய் 360 கிலோமீற்றருக்கு மேல் நீளம். ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ற் துறைமுகத்தை மறித்ததால் உள்நாட்டு வழியாகப் பொருட்கள் கொண்டுபோக நெப்போலியன் காலத்தில் தீர்மானித்தது. குளோமெல் என்ற இடத்தில் மேட்டைப் பிளந்து வெட்டியவர்கள் கைதிகள், 1823 முதல் 1832 வரை. இப்போது துவிச்சக்கரவண்டியில் குடும்பங்கள் போகின்றன. கேர்லெதான் அணை 1920களில் கட்டப்பட்டபோது கால்வாயின் ஒரு துண்டு நீருக்கடியில் போய்விட்டது. 2015இல் அணையைப் பரிசோதிக்க நீரை வடித்தபோது, மடைகாவலர்களின் வீட்டுச் சுவர்கள் சேற்றில் நின்றதைப் பார்க்க இலட்சக்கணக்கில் சனம் வந்ததாம். அந்த அம்மாவும் போயிருக்கிறார்.

சாப்பாட்டில் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. பக்வீற் என்ற கறுப்பு மாவில் 'கலெத்' சுடுகிறார்கள். மாவைக் கரைத்து வைத்து, வட்ட இரும்புக் கல்லில் ஊற்றி, மரக்கட்டையால் சுழற்றிப் பரப்புவார்கள். தோசை சுடத் தெரிந்த கைக்கு ஐந்து நிமிடம் போதும். என்னுடைய மூன்றாவது கலெத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கட்டையைத் திருப்பி வாங்கவில்லை. அங்கே வெண்ணெய் எல்லாம் உப்பு வெண்ணெய். பழைய மன்னராட்சியின் உப்புவரி பிரெத்தாஞ்சுக்கு இல்லாததால் உப்பு மலிவாயிருந்தது, அந்தப் பழக்கம் நின்றுவிட்டது.

கடற்கரைப் பக்கம் கதை வேறு. கார்னாக் போன்ற ஊர்களில் பெரும்பான்மையான வீடுகள் வருடத்தில் சில வாரம் மட்டும் திறக்கும் இரண்டாம் வீடுகள். ஊரில் பிறந்த இளையவர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. சென் மாலோ நகரசபை 2021இல் குறுகியகால வாடகை வீடுகளுக்கு வட்டாரவாரியாக எல்லை போட்டது. 2024 நவம்பரில் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வந்து, உள்ளூராட்சிகளுக்கு அதிகாரத்தைக் கூட்டி, வரிச்சலுகையைக் குறைத்தது. தரப்படுத்திய வீடுகளின் வாடகை வருமானத்தில் 71 வீதம் கழித்து வரி கணக்கிட்ட இடத்தில் 2025 வருமானத்திலிருந்து 50 வீதம்தான். கடலோரத்துக்கு அந்தச் சட்டம் வேண்டியதுதான். ஆனால் வெறுமையாய்க் கிடக்கும் உள்நாட்டு ஊரில் மாட்டுக்கொட்டிலை எழுப்பிய பெண்ணையும் கடற்கரையில் பத்து வீடு வாங்கி வைத்திருப்பவரையும் ஒரே கோலால் அளப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்த அம்மாவுக்கு இப்போது வரியைவிடப் பெரிய யோசனை ஒன்று. அவருடைய உரிமை அவரோடு முடியும். பிறகு வீடு மகனுக்கும் மகளுக்கும் பாதி பாதி. ரென் நகரத்தில் வேலை செய்யும் மகனுக்கு விற்றுவிட விருப்பம். நடுப் பிரெத்தாஞ்சில் முன்பு ஆங்கிலேயர் நிறைய வாங்கினார்கள். 2021க்குப் பிறகு அவர்கள் விசா இல்லாமல் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கமுடியாது. இருந்தாலும் திருத்திய வீட்டுக்கு ஆள் வரும். மகள் பக்கத்து ஊரில் தாதி. அவள் நடத்த விரும்புகிறாள், ஆனால் தம்பியின் பாதியை வாங்கக் காசில்லை. இடிந்த வீடாயிருந்தபோது கேட்காத கேள்வியெல்லாம் இப்போது கேட்கிறார்கள் என்றார். மகளின் பெயருக்கு நீண்டகாலக் குத்தகை எழுதலாமா என்று நொத்தாரிசிடம் கேட்டிருக்கிறார். அதற்கும் மகனின் கையெழுத்து வேண்டுமாம்.

2025 செப்டெம்பரில் அக்கா குடும்பம் அதே வீட்டுக்குத் திரும்பவும் போய் வந்தது. வாடகை 20 யூரோ கூடியிருக்கிறது. சனிக்கிழமை திறப்பைக் கொடுத்துக் கரண்டி எண்ணியது மகளாம். அம்மா விறகுக் கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். மகன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.